ஐஸ் பெட்டிக்கு ஒரு ஸ்டார்

அத்தியாயம் 6

"செத்தவங்க எழுந்து வந்து ஸ்டார் குடுக்கிற வசதி இருந்தா இந்தக் கேஸே நமக்கு வந்திருக்காது மேடம்" என்றான் ஜாஸ்பர்.

சுப்புலட்சுமி முறைத்த முறைப்பில் அவன் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனான். எதிரே உட்கார்ந்திருந்த ரெஜின் தன் அம்மாவை அடக்கம் செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

சுப்புலட்சுமி இருபத்தாறு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் குப்பை கொட்டியவள். யார் எப்போது உள்ளே போனான், யார் அட்டையை யார் அழுத்தினான் என்று கண்டுபிடிப்பதிலேயே அரை ஆயுள் கழிந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, நெய்வேலி மெயின் பஜாரில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது ஊரே சிரித்தது. இப்போதும் சிரிக்கிறது, ஆனால் தலைவலி வந்தால் மாடிப்படி ஏறி வருகிறது. ஜாஸ்பர் குள்ளஞ்சாவடிக்காரன். முப்பது வயது, சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டோடு நின்றவன். சட்டம் பாதி தெரியும், வாய் முழுசாகத் தெரியும்.

"போஸ்ட் நான் போடல மேடம்" என்றான் ரெஜின். காலையிலிருந்து இது நாலாவது முறை. "மே இருபத்தேழு, செவ்வாக்கெழம, பகல் பதினொண்ணு இருவதுக்குப் போட்டிருக்குது. எனக்கு அன்னிக்கு ஏ ஷிஃப்ட். காலையில ஆறு மணிக்கு உள்ள போனவன் ரெண்டு மணிக்குதான் வெளிய வந்தேன். எங்க செக்‌ஷன்ல கேமரா போன் உள்ள விடமாட்டாங்க. பட்டன் போன்தான் கையில. டச் போனு வூட்லயேதான் கெடக்கும்."

"அட்டெண்டன்ஸ் பாத்துட்டேன். அஞ்சு நாப்பத்தெட்டுக்கு உள்ள, ரெண்டு ஆறுக்கு வெளிய. நீங்க எழுதல, சரி. ஆனா உங்க அக்கவுண்ட், உங்க போட்டோ. நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும்."

நோட்டீஸ் மேஜை மேல் கிடந்தது. அனுப்பியவர் கலைச்செல்வன். பந்தல், நாற்காலி, இறந்தவர்களைக் குளிரில் வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ், அதாவது ஊர் வழக்கில் ஐஸ் பெட்டி, எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அவர் கடைக்கு இணையத்தில் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்து யாரோ எழுதியதில் தன் பெயர் நாறிவிட்டது, எழுதியவன் கடை வாசலில் நின்று 'நான் சொன்னது பொய்' என்று வீடியோவில் சொல்ல வேண்டும், தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா 356-ன்படி அவதூறு வழக்கு. கெடு இன்று மாலையோடு முடிகிறது.

"கேஸ் போடட்டுமே, பாத்துக்கலாம்னு சொல்ல முடியாதா?" ஜாஸ்பர் ஈரக்கையைத் துடைத்தபடி கேட்டான்.

ரெஜின் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தான். பதினாலு வருடக் கான்ட்ராக்ட் வேலைக்குப் பிறகு, பெர்மனென்ட் பட்டியலில் இந்த முறை அவன் பெயர் வந்திருந்தது. நாளை மாலைக்குள் தர வேண்டிய படிவத்தில் ஒரு கட்டம்: உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா?

"எங்கப்பா முப்பது வருஷம் கன்வேயர் பெல்ட்ல கெடந்தாரு. கான்ட்ராக்டாவே போயி கான்ட்ராக்டாவே வந்தாரு. எனக்கு முப்பத்தாறு வயசு. பொண்ணு பாக்கப் போனா பேரக் கேக்கறதுக்கு முன்ன பெர்மனென்டான்னுதான் கேக்கறாங்க. நாளைக்கு கோர்ட்ல கேஸ் வுழுந்துதுன்னா அவ்ளோதான் மேடம். அடுத்த லிஸ்டு வரப்ப எனக்கு வயசு இருக்காது."

சுப்புலட்சுமிக்கு அந்தக் கட்டம் எத்தனை பேரை விழுங்கியது என்று தெரியும். "வீட்ல யார் யாரு?"

"நானும் அப்பாவுந்தான். அக்கா டெய்சி குவைத்துல. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பெல்ட் சத்தத்துல காதும் போச்சு. அவர விட்டுடுங்க."

ஜாஸ்பர் தன் போனில் அந்த ரிவ்யூவை எடுத்தான். ரெஜின் அதை அழித்து ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் ஸ்கிரீன்ஷாட் நகரியத்தின் எல்லா குரூப்பிலும் சுற்றியது. ஜாஸ்பர் செய்தி வாசிப்பவர் தோரணையில் ஆரம்பித்தான்.

"இந்தக் கடையில ஐஸ் பெட்டி எடுக்காதீங்க பெட்டியில குளிரே இல்ல ராத்திரி பூரா குளிரே இல்ல பண்ருட்டி பலா பண்ருட்டி பலா தேனா இனிக்கும் காலையில மொகத்தப் பாக்க முடியல பொண்ணு வந்து பாக்க முடியல முழுப் பழம் வெட்டிக் காட்டி தருவோம் இவன் ஏமாத்துக்காரன் இவன் கடைக்குப் போவாதீங்க."

முடிக்கும்போது தோரணை போய்விட்டது.

பலாப்பழத்தால்தான் அது பரவியது. சும்மா ஒரு புலம்பலாக இருந்தால் நாலு பேர் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். சாவு வீட்டுக்கு நடுவே பலாச்சுளை விற்றதால் நானூறுக்கு மேல் ஷேர். ஒவ்வொன்றின் மேலும் வாய்விட்டுச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள். ஒரு தாயின் சாவு ஒரு மாதமாக நெய்வேலிக்கு நகைச்சுவையாகிவிட்டது.

"ஷேர் பண்ணவனெல்லாம் தப்பிச்சுக்கலாம்னு நெனைக்கிறான்" என்றாள். "அடுத்தவன் சொன்ன அவதூறைத் தெரிஞ்சே பரப்பினாலும் சட்டத்துல மாட்டணும். நானூறு பேர் மேலயும் கேஸ் போட கலைச்செல்வனுக்கு ஆயுசு பத்தாது, அதனால ஒருத்தரப் பிடிச்சிருக்காரு."

"என் தியரி என்னன்னா மேடம், பலா யாவாரி எவனோ ஐஸ் பெட்டிக்காரன் பேஜ்ல ஓசி விளம்பரம் குடுத்திருக்கான்."

"சாவு வீட்ல பலாப்பழம் யாருக்குடா விக்கும்? மூளையைக் கசக்கு. இது கையால அடிச்ச எழுத்து இல்ல. போன்ல மைக்கை அழுத்திட்டுப் பேசினா அதுவே எழுதிக்குமே, அது. பேசிக்கிட்டிருந்தப்போ பக்கத்துல பலா வண்டி ஸ்பீக்கர் ஓடியிருக்கு. ரெண்டையும் சேர்த்து எழுதித் தொலைச்சிருக்கு. அந்த வண்டி எங்க நின்னுதோ அங்கதான் உங்க போனும் இருந்திருக்கு ரெஜின்."

ரெஜின் உள்ளங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பலா சீசனில் நெய்வேலிக்குள் பத்துப் பதினைந்து லோடு ஆட்டோக்கள் நுழைகின்றன. எல்லாவற்றிலும் ஸ்பீக்கர், எல்லாவற்றிலும் பண்ருட்டி. ஆனால் 'வெட்டிக் காட்டி தருவோம்' என்று ஜாஸ்பர் பஜாரில் மூன்று பழக்கடைகளில் பாடிக் காட்டியபோது, மூன்றாவது கடைக்காரி சிரிக்காமல் சொன்னாள், "அது சுபாஷ் வண்டி."

சுபாஷ் திருவதிகைக்காரர். ஆர்ச் கேட் பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு, கையில் எண்ணெய் தடவிப் பழம் பிளந்துகொண்டிருந்தார். ஸ்பீக்கர் அடித்தொண்டையில் கத்தியது. ஜாஸ்பர் இரண்டு சுளையை வாயில் போட்டுக்கொண்டுதான் விசாரணையைத் தொடங்கினான்.

"செவ்வாய்க்கிழமை பதினொண்ணேகால் வாக்குல வண்டி எங்கண்ணே நிக்கும்?"

"செவ்வாயா? கல்லறைத் தோட்டத்து வாசல்ல. காலையில நாலு மணிக்கு வூட்ட வுட்டு கெளம்பறவன், பதினோரு மணிக்கு அந்த மரத்து நெழல்லதான் வண்டியப் போட்டு சோறு துன்னுவேன்."

"செத்தவங்க பலாப்பழம் வாங்கறாங்களா?"

"பாக்க வர்றவங்க வாங்குவாங்க தம்பி. அழுதுட்டு வந்தா பசிக்குமில்ல."

சுப்புலட்சுமி குறுக்கிட்டாள். "மே கடைசியில அங்க யாராவது உங்ககிட்ட போனைக் கொடுத்து ஏதாவது செய்யச் சொன்னாங்களா?"

சுபாஷின் கத்தி நின்றது. "ஆமாங்க. ஒரு பெரியவரு. தெனமும் சம்சாரத்து கல்லறைக்கு வருவாரு. பாவம், காது சுத்தமா கேக்காது. போனைக் குடுத்து, இந்தக் கடைக்காரனப் பத்தி ஊரு ஒலகத்துக்கு சொல்லணும், எப்புடின்னு கேட்டாரு. எனக்கு ஒரு கடையப் பத்தி நல்லது கெட்டது சொல்ல நெட்டுல ஸ்டார் போடறதுதானே தெரியும். கடை பேரப் போட்டு, ஒரு ஸ்டாரத் தொட்டு, மைக்க அழுத்தி, பேசிட்டு இந்த நீலப் பட்டனத் தொடுங்கன்னு சைகையில காட்டினேன். அதுக்குள்ள ஒரு அம்மா பழம் கேட்டு வந்துட்டாங்க, நான் ஸ்பீக்கரப் போட்டுட்டு யாவாரத்தப் பாக்கப் பூட்டேன். ஏங்க, எதுனா தப்பா?"

"ஒண்ணுமில்லண்ணே. கோர்ட்டுக்கு வரும்போது நாலு பழம் எடுத்துக்கினு வாங்க" என்றான் ஜாஸ்பர். சுபாஷின் முகம் வெளுத்தது. சுப்புலட்சுமி ஜாஸ்பரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"பாத்தியா? காதுள்ள மனுஷன் அந்தச் சத்தத்துல பேச்சை நிறுத்தியிருப்பான். கண்ணால படிக்கத் தெரிஞ்சவன் பலாப்பழத்தை அழிச்சிருப்பான். ரெண்டும் இல்லாதவர் ஒருத்தர்தான். ரெஜின் 'விட்டுடுங்க'ன்னு சொன்னானே, அந்த அப்பா. தைரியநாதன்."

"அப்ப ஈஸி மேடம். அப்பா எழுதினாரு, பையன் எழுதல. பையன் பேர்ல கேஸ் நிக்காது."

"பையன் தப்பிச்சு, எழுபது வயசு கிழவர் கூண்டுல நிக்கணுமா? அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. சொன்னது உண்மையா இருந்து, நாலு பேருக்கு நல்லதுன்னு சொல்லியிருந்தா அது அவதூறே இல்ல. பெட்டி நிஜமாவே குளிரலைன்னு காட்டிட்டா கலைச்செல்வன் நோட்டீஸைச் சுருட்டி வெச்சுக்கணும்."

"காட்டறது எப்படி? சாட்சி மண்ணுக்குள்ள இருக்காங்க. பெட்டி அதுக்கப்புறம் பத்து சாவுக்குப் போயிட்டு வந்திருக்கும்."

"பெட்டிகிட்டயே கேப்போம், வா" என்றாள் சுப்புலட்சுமி. அந்த நேரத்தில் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அன்று கடைசியாக இருந்தது அப்போதுதான்.

மந்தாரக்குப்பத்தில் கலைச்செல்வனின் கடையில் பந்தல் துணிகள் மடித்தபடி அடுக்கியிருந்தன. நாலு ஐஸ் பெட்டிகள் சுவரோரம் வெறுமனே நின்றன. சாவுக்கு சீசன் கிடையாது, நாலும் ஒரே நாளில் சும்மா நிற்பது நல்ல அறிகுறி இல்லை. கலைச்செல்வன் சண்டைக்காரர் போலத் தெரியவில்லை. தூங்காதவர் போலத் தெரிந்தார்.

"பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்தாலும் நானே தூக்கிக்கினு ஓடுவேன். இப்ப சாவு வூட்ல என் பேரச் சொன்னா, பலாப்பழமும் சேர்த்து வருமான்னு கேக்கறான். என் பொண்ணு ஸ்கூல்ல அவளுக்குப் பேரே பலாப்பழம். அவங்க வூட்டுக்குப் போன பெட்டி இதாங்க. மறுநாளே வடலூர்ல ஒரு சாவுக்குப் போச்சு, மூணு நாளு ஓடுச்சு. ஒரு கொறையும் இல்ல."

"அன்னிக்கு மட்டும் கோளாறு ஆகியிருக்கலாமே?"

"அப்டி ஆச்சுன்னா எனக்கு போன் பண்ண மாட்டாங்களா? ஒருத்தரும் பண்ணல. நீங்களே பாருங்க." அவர் தன் போனில் ஒரு வீடியோவைத் திறந்தார். குவைத்திலிருந்த டெய்சி பார்ப்பதற்காக, அடக்கத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயந்திரம் ரெஜின் தன் போனிலிருந்து, எல்லாரும் பார்க்கும்படி நேரலையாக ஓடவிட்டது. பெட்டி நன்றாக ஓடியதற்கு ஆதாரமாக வக்கீல் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்.

பெட்டிக்குள் ரெஜினின் அம்மா சகாயம்மாள் வெள்ளைச் சேலையில் படுத்திருந்தார். கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. அறை முழுக்கப் பெட்டியின் இரைச்சல். தலைமாட்டில் தைரியநாதன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜெபமாலையோடு வந்து அமர்ந்தார்கள். அப்புறம் படம் ஆடியது. சுவர், சுவரில் ஒரு பிளக், கொஞ்சம் தரை, மறுபடியும் பெண்கள். ஜெபமாலை தொடங்கியது. பத்துப் பத்தாக ஐம்பது மணிகளும் முடிந்து பாட்டும் முடிந்தது.

"அருமையா பதிவாகியிருக்கு மேடம்" என்றான் ஜாஸ்பர். "ஒவ்வொரு வார்த்தையும் மணி மாதிரி."

சுப்புலட்சுமி வீடியோவைப் பின்னால் தள்ளினாள். மறுபடி கேட்டாள். மறுபடி தள்ளினாள். மூன்றாவது முறை அவள் முகம் மாறியதைப் பார்த்து ஜாஸ்பர் வாயைத் திறக்காமல் இருந்தான், அவனைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

"ஜெபம் தெளிவா கேக்குதுன்னு சொன்னியே. ஏன் கேக்குது? அதுக்கு முன்னாடி பெட்டி இரையற இரைச்சல்ல, ஜெபத்துக்கு வந்த ஒரு அம்மா இருமினதுகூட கேக்கல. போன் சுவர்கிட்ட போயிட்டு வந்ததும் இரைச்சல் இல்ல. ஜெபம் முடிஞ்ச பிறகும் இல்ல. வீடியோ முடியற வரைக்கும் இல்ல."

"யாரோ சுவிட்சை..."

"யாரோ இல்ல. சுவிட்ச்கிட்ட போனது கேமரா. கேமரா யார் கையில இருந்தது?"

கலைச்செல்வன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது மெதுவாகத்தான் எட்டியது. எட்டியதும் கோபப்படுவார் என்று சுப்புலட்சுமி எதிர்பார்த்தாள். அவர் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பலாப்பழம்னு கூப்புடறாங்கங்க என் பொண்ண" என்றார்.

"சாயந்திரம் வரைக்கும் டைம் குடுங்க" என்றாள் சுப்புலட்சுமி.

வெளியே வந்ததும் ஜாஸ்பர் ரெஜினைக் கல்லறைத் தோட்டத்துக்கு வரச் சொல்லிப் போனில் பேசினான். வண்டியில் போகும்போது சுப்புலட்சுமி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். காலையிலிருந்து ரெஜின் 'நான் எழுதல' என்று எத்தனை தடவை சொன்னான்! 'எழுதினது பொய்' என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. 'எழுதினது உண்மை' என்றும் சொல்லவில்லை. பெற்ற தாயின் முகத்தைக் கெடுத்தவன் என்று ஐஸ் பெட்டிக்காரன் மேல் ஒரு சொல் கோபம்கூட இல்லை. டைம் ஆபீஸில் இருந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் இன்னும் மட்டமாகாத ஒரு மேட்டின் பக்கத்தில் தைரியநாதன் உட்கார்ந்திருந்தார். மரச் சிலுவையில் சகாயம்மாளின் பெயர். வேட்டி, முழுக்கைச் சட்டை, வயதுக்கு மீறிய தோள்கள். இவர்களைப் பார்த்ததும் கும்பிட்டார். ரெஜின் ஏற்கெனவே வந்து அவருக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தான்.

ஜாஸ்பர் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியதும் பெரியவர் நெஞ்சில் கை வைத்தார். கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில் சொன்னார், "நான்தான் பேசினேன். பொய்யா பேசினேன்? ராத்திரி பூரா அவ பக்கத்துலயேதான் இருந்தேன். விடியக்கால கண்ணாடியில கைய வெச்சேன், சில்லுனே இல்ல. மொகம் போயிருச்சு. குவைத்துலேர்ந்து வந்த பொண்ணுக்கு துணியப் போட்டு மூடித்தான் காட்டினோம். கோர்ட்டுக்கு வரச் சொல்லு. அங்கயும் இதத்தான் சொல்லுவேன்."

சொல்லுவார். சத்தியம் செய்து, சத்தமாக, ஒவ்வொன்றும் தான் கண்ட உண்மை என்று சொல்லுவார்.

ரெஜின் அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். தலை குனிந்திருந்தது. வெட்கம் என்று நினைத்தாள் சுப்புலட்சுமி. அவனுக்கு எதிரே போய் நின்றாள். அவன் தோளுக்கு மேலே பெரியவரின் முகம் தெரிந்தது. காது கேட்காதவர்தானே, ஒதுக்குப்புறம் தேடிப் போக வேண்டாம் என்று நினைத்தாள்.

"ரெஜின், வீடியோ பாத்தேன். ஜெபமாலை உங்க அக்காவுக்குக் கேக்கணும்னு நீங்க பெட்டியை அணைச்சீங்க. முடிஞ்சதும் போடணும்னு நெனைச்சு மறந்துட்டீங்க. எல்லாரும் வெளிய பந்தல்ல படுத்துட்டாங்க. அப்பா பக்கத்துலயே இருந்தாரு, ஆனா பெட்டி ஓடலைன்னு அவருக்குக் கேக்கல. விடியும்போது பாத்துட்டு நீங்களே போட்டுட்டீங்க. சரியா?"

அவன் வாயைக் கையால் மூடிக்கொண்டான். கைக்குள்ளிருந்தே பேசினான். "அஞ்சு மணிக்கு மேடம். எழுந்து வந்து பாத்தேன். சத்தமே இல்ல. அப்பா ஒக்காந்தபடியே கண்ணசந்திருந்தாரு. சுவிட்சப் போட்டேன். யாருக்கும் சொல்லல. எப்புடி சொல்லுவேன்? பெட்டிக்காரரு மேல அப்பா கோவப்பட்டாரு. சரி, நாலு நாள்ல மறந்துடுவாருன்னு வுட்டுட்டேன்."

"கலைச்செல்வன் மேல ஒரு தப்பும் இல்ல. போஸ்ட் பொய். உண்மைங்கிற வாதம் போச்சு. இனிமே ரெண்டே வழி. நீங்க போய் அந்த வாசல்ல நின்னு பொய்னு சொல்லணும். இல்லேன்னா அப்பா சொல்லணும்."

"நான் சொன்னா, வேலைக்காக அம்மாவ வித்துட்டான்னு நெனப்பாரு. அவரு சொல்லணும்னா..." ரெஜின் முடிக்கவில்லை.

"அவர்கிட்ட உண்மையைச் சொல்லியாகணும், நீங்கதான் அணைச்சீங்கன்னு" என்று சுப்புலட்சுமி முடித்தாள். தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக.

"சொல்லிட்டியேம்மா" என்றார் தைரியநாதன்.

ரெஜின் திடுக்கிட்டுத் திரும்பினான். தனக்குப் பின்னால் இருந்த அப்பாவைப் பார்த்தபடிதான் அவள் முகம் இருந்தது என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

பெரியவர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார். "பெல்ட்டு ஓடுற எடத்துல காது இருக்கிறவனுக்கும் காது கெடையாது. முப்பது வருஷம், வாயப் பாத்துப் பாத்துதான் நாங்க பேசிக்கினு இருந்தோம். நீ நல்லா வாயத் தொறந்து பேசற. ஆபீசர் வூட்டு பொம்பளைங்க பேச்சு அப்டித்தான் இருக்கும்."

இருபத்தாறு வருடம் பெல்ட்டுக்கு அரை மைல் தூரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த சுப்புலட்சுமிக்கு இது தெரியாது. அவர் மகனுக்குத் தெரியும். அதனால்தான் அவன் திரும்பி நின்றான். கேஸை உடைத்த பெருமை எல்லாம் அவள் வாயிலேயே கசந்தது.

"மறந்துட்டேம்பா" என்றான் ரெஜின். இப்போது நேராக அவரைப் பார்த்து, வாயை மறைக்காமல். "பத்து நிமிஷம்னுதான் நெனச்சேன். மறந்துட்டேன்."

தைரியநாதன் அவன் உதடுகளைக் கடைசி அசைவு வரைக்கும் பார்த்தார். அடிக்கவில்லை, அழவில்லை. கல்லறை மேட்டிலிருந்த ஒரு காய்ந்த மாலையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நான் அவ பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன்டா" என்றார். "கைய நீட்டினா சுவிட்சு."

பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "வா. கடைக்குப் போலாம்."

கலைச்செல்வன் கடை வாசலில் ஜாஸ்பர்தான் வீடியோ எடுத்தான். ஒரு ஜோக்கும் வரவில்லை அவனுக்கு. தைரியநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தெரு முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்: "இவுரு பெட்டி நல்லா இருந்துச்சு. நான் பேசினது பொய்யி. எங்க வூட்டுத் தப்பு. மன்னிக்கணும்." யார் தப்பு என்று சொல்லவில்லை. கலைச்செல்வனும் கேட்கவில்லை. வக்கீலுக்கு போன் போட்டு, வழக்கு வேண்டாம் என்றார். பேசி முடித்துவிட்டு போனிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷேர் நானூத்திப் பன்னெண்டு ஆயிருச்சுங்க. இந்த வீடியோவ எத்தினி பேரு ஷேர் பண்ணுவாங்க?"

உண்மைக்குப் பலாப்பழம் இல்லை, யாரும் சிரிக்கப் போவதில்லை.

சுப்புலட்சுமி ரெஜினின் படிவத்தை எடுத்து அந்தக் கட்டத்தைக் காட்டினாள். "இல்லைன்னு எழுதிக்கோங்க. இனிமே தைரியமா எழுதலாம்." நல்ல செய்தியைத்தான் சொன்னாள். சாவுச் செய்தி சொல்கிற குரலில் வந்தது.

தைரியநாதன் கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ பெர்மனென்ட் ஆயிடு" என்றார் மகனிடம். "குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க. அங்கியே இருந்துக்க. என் வூட்டுக்கு வராத."

"அப்பா, ஒரே ஒரு வார்த்த கேளுப்பா" என்று ரெஜின் தெருவிலேயே அவர் முன்னால் மண்டி போட்டான். "அக்காகிட்ட நானே சொல்றேன். அடிச்சுடுப்பா. என்னப் பாருப்பா."

பெரியவர் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ரெஜின் அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஒவ்வொரு சொல்லாகப் பேசிக்கொண்டேயிருந்தான். அவர் கண்ணைத் திறக்கவில்லை.